ஃபைல் ஏன் ஏறவில்லை? அளவு, வகை, இடம் பார்த்து நீங்களே அப்லோடு செய்யும் வழி

வங்கித் தேர்வு, கல்வி உதவித்தொகை, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று எந்த ஆன்லைன் விண்ணப்பத்தை எடுத்தாலும், பெயர் முகவரியெல்லாம் நிரப்பி முடித்ததும் ஒரு ஃபைலை ஏற்றச் சொல்லும். பெரும்பாலானோர் நிற்பது அந்த இடத்தில்தான். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அது என்ன சொல்கிறது என்று புரியாமல் மறுபடி மறுபடி அதே படத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ பஸ் ஏறி டவுனில் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். அங்கே இருப்பவர் இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்துவிடுகிறார். அவர் செய்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் பஸ் காசும் அரை நாளும் மிச்சம்.

ஃபைல் ஏறாததற்குக் காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று: அளவு பொருந்தவில்லை, வகை பொருந்தவில்லை, அல்லது நீங்கள் தேடும் ஃபைல் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. மூன்றும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும்.

அளவு: கேபி, எம்பி, பிக்சல்

கணினி எதையும் பைட் கணக்கில்தான் வைத்திருக்கிறது. சுமார் ஆயிரம் பைட் ஒரு கேபி. ஆயிரம் கேபி ஒரு எம்பி. ஆயிரம் எம்பி ஒரு ஜிபி. ‘சுமார்’ என்பதற்குக் காரணம் உண்டு. கடையில் விற்பவர்கள் ஆயிரம் என்று கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1,024 என்று கணக்கிடுகிறது. 64 ஜிபி பென்டிரைவை விண்டோஸ் கணினியில் செருகினால் 59.6 ஜிபி என்று காட்டுவது இதனால்தான், யாரும் ஏமாற்றவில்லை. விண்ணப்பத்தில் 50 கேபி வரம்பு என்றால் அந்தத் தளம் எந்தக் கணக்கை வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. 48 கேபிக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

போன் கேமராவில் எடுத்த படம் 12 மெகாபிக்சல் என்றால் 4,000 புள்ளி நீளம், 3,000 புள்ளி அகலம், மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். இந்தப் புள்ளிக்குத்தான் பிக்சல் என்று பெயர். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். அப்படியே வைத்தால் 36 எம்பி வரும். ஜேபிஜி என்ற முறையில் சுருக்கி, கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்களை விட்டுவிட்டு, போன் அதை 3 முதல் 5 எம்பியாக்கிச் சேமிக்கிறது. விண்ணப்பம் கேட்பதோ 50 கேபி. அதாவது நூற்றில் ஒரு பங்கு. எத்தனை முறை திரும்பத் திரும்பப் படம் எடுத்தாலும் அது தானாகக் குறையாது. புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால்தான் குறையும்.

ஐபிபிஎஸ் நடத்தும் வங்கித் தேர்வு விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம். புகைப்படம் 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. இடது கட்டைவிரல் ரேகை 240 × 240 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையால் எழுதிய உறுதிமொழி 800 × 400 பிக்சல், 50 முதல் 100 கேபி. ஒவ்வொரு தேர்வுக்கும் இது மாறும், அந்தந்த அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். முதலில் அதைப் படித்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று: மேல் வரம்பு மட்டுமல்ல, கீழ் வரம்பும் இருக்கிறது. 20 கேபிக்குக் கீழே போனாலும் தளம் ஏற்காது. படத்தை ரொம்பச் சின்னதாக்கிவிட்டு ‘குறைத்தும் ஏறவில்லையே’ என்று குழம்புவது இங்கேதான்.

புகைப்படத்தைச் சரிசெய்யும் வரிசை இது. முதலில் வெட்டுவது, பிறகு சுருக்குவது. வரிசை மாறினால் முகம் இழுபட்டுப் போகும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3,000 × 4,000. விண்ணப்பம் கேட்கும் 200 × 230 அதே விகிதத்தில் இல்லை. நேரடியாக 200 × 230 ஆக்கினால் உயரம் அமுங்கி முகம் அகலமாகத் தெரியும். அதனால் முதலில் அகலம் 3,000-க்கு உயரம் 3,450 இருக்கும்படி, தலைக்கு மேலும் மார்புக்குக் கீழும் வெட்ட வேண்டும். அதன் பிறகுதான் சுருக்க வேண்டும்.

விண்டோஸ் கணினியில் இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், பெயிண்ட் போதும்:

1. படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’ போய் பெயிண்ட்டில் திறக்கவும்.
2. ‘செலக்ட்’ கருவியால் முகமும் தோளும் அடங்கும்படி கட்டம் இழுத்து ‘கிராப்’ கொடுக்கவும். கட்டத்தின் அளவு கீழே ஓரத்தில் பிக்சலில் தெரியும், அதைப் பார்த்து விகிதத்தைச் சரிசெய்யலாம்.
3. கன்ட்ரோல் விசையும் டபிள்யூ விசையும் சேர்த்து அழுத்தினால் ‘ரீசைஸ்’ பெட்டி வரும். ‘பர்சென்டேஜ்’ என்பதை ‘பிக்சல்ஸ்’ என்று மாற்றவும். ‘மெயின்டெய்ன் ஆஸ்பெக்ட் ரேஷியோ’ டிக்கை எடுத்துவிட்டு 200, 230 என்று கொடுக்கவும்.
4. ‘சேவ் ஆஸ்’ போய் ஜேபிஇஜி வகையைத் தேர்ந்தெடுத்து, புதுப் பெயரில் சேமிக்கவும். பழைய பெயரிலேயே சேமித்தால் அசல் படம் போய்விடும்.
5. சேமித்த ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்க்கவும். அங்கே ‘சைஸ்’ என்று இருப்பதுதான் கணக்கு. ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்பதைப் பார்க்க வேண்டாம்.

அளவு 20 கேபிக்குக் கீழே வந்துவிட்டால், அசலிலிருந்து மறுபடி ஆரம்பித்து 240 × 276 அல்லது 300 × 345 கொடுத்துப் பாருங்கள். விகிதம் மாறாது, புள்ளிகள் கூடும், கேபியும் கூடும். ஐபிபிஎஸ் அறிவிப்பில் 200 × 230 ‘விரும்பத்தக்கது’ என்றுதான் இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை. சின்னதாக்கிய படத்தையே மறுபடி பெரிதாக்காதீர்கள். போன புள்ளிகள் திரும்பி வராது, முகம் மங்கிப் போகும்.

போனில் கேலரியிலேயே வெட்டலாம். சுருக்குவதற்குத்தான் வழி தேட வேண்டியிருக்கும். ‘இமேஜ் ரீசைஸ்’ என்று கூகுளில் தேடினால் நூறு தளங்கள் வரும். முகப் படத்துக்கு அவை பரவாயில்லை. ஆதார், சாதிச் சான்று, பத்திரம், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றை அந்தத் தளங்களில் ஏற்றாதீர்கள். அங்கே ‘சுருக்கு’ என்று அழுத்தியதும் உங்கள் ஆவணம் முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போய், அங்கே சுருங்கித் திரும்பி வருகிறது. அங்கே ஒரு பிரதி தங்குகிறதா என்று நம்மால் பார்க்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் படவே கூடாது.

கையெழுத்து, ரேகைக்கு: கோடு போடாத வெள்ளைத் தாள், கறுப்பு மை. கையெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டால் ஐபிபிஎஸ் ஏற்காது. வெயில் நேரடியாக விழாத வாசல் திண்ணையில் தாளை வைத்து, போனின் நிழல் தாளில் விழாதபடி எடுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் தாள் சாம்பல் நிறமாக வரும், கையெழுத்து எடுப்பாகத் தெரியாது.

சான்றிதழ்களை ஸ்கேன் செய்வது

ஏ4 தாள் 8.27 அங்குல அகலம், 11.69 அங்குல உயரம். ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி (200 டிபிஐ) என்று ஸ்கேன் செய்தால் 1,654 × 2,339 பிக்சல் வரும். சான்றிதழில் உள்ள சின்ன எழுத்தும் முத்திரையும் படிக்க இது போதும். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேனர் 600-ல் வைத்திருந்தால் புள்ளிகள் ஒன்பது மடங்காகும், ஃபைலும் அதற்கேற்ப வீங்கும். ‘இருநூறு டிபிஐ, கிரே’ என்று நீங்களே சொல்லிக் கேளுங்கள். கலர் என்றால் புள்ளிக்கு மூன்று பைட், கிரே என்றால் ஒன்று. கலர்தான் வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தால் மட்டும் கலர்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் செயலியிலேயே ஸ்கேனர் இருக்கிறது. செயலியைத் திறந்து கீழே வலது ஓரத்தில் இருக்கும் கேமரா குறியை அழுத்தி, தாளைப் படமெடுத்தால், ஓரங்களைத் தானே கண்டுபிடித்து நேராக்கி பிடிஎஃப் ஆகச் சேமிக்கும். வெள்ளைத் தாளை வெள்ளைக் கல் தரையில் வைத்தால் ஓரம் பிடிபடாது. பச்சை, நீலம், பழுப்பு என்று எடுப்பான நிறத்துணி ஒன்றை விரித்து அதன் மேல் வையுங்கள். ஐபோனில் ‘நோட்ஸ்’ செயலிக்குள் இதே வசதி உண்டு.

சான்றிதழை ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் அதன் நீளப் பக்கத்தைச் சுமார் 1,600 பிக்சலுக்குக் குறைத்துவிடும். ஏ4 தாளுக்கு அது அங்குலத்துக்கு 137 புள்ளிதான், அதன் மேல் ஜேபிஜி சுருக்கமும் சேர்கிறது. தாசில்தார் முத்திரைக்குள் இருக்கும் எழுத்து கரைந்துவிடும். கிளிப் குறியை அழுத்தி ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதே ஃபைலை அனுப்பினால் ஒரு பைட் கூடக் குறையாமல் போய்ச் சேரும்.

வகை: பெயரின் வால்

ஒவ்வொரு ஃபைல் பெயரின் கடைசியிலும் ஒரு புள்ளி, அதன் பின் மூன்று நான்கு எழுத்து இருக்கும். ஜேபிஜி என்றால் புகைப்படம். பிஎன்ஜி என்பதும் படம்தான், ஸ்கிரீன்ஷாட்டுகளை அநேகப் போன்கள் இப்படிச் சேமிக்கும். பிடிஎஃப் என்றால் ஆவணம். விண்ணப்பம் ‘ஜேபிஜி மட்டும்’ என்றால் பிஎன்ஜி ஏறாது. பெயரை மாற்றி வாலில் ஜேபிஜி என்று எழுதிவிட்டால் போதும் என்று சிலர் செய்வதுண்டு. உள்ளே இருப்பது மாறவில்லை. சில தளங்கள் ஏற்றுக்கொண்டு, பின்னால் பரிசீலனையில் ‘படம் திறக்கவில்லை’ என்று தள்ளுபடி செய்யும். அது இன்னும் மோசம். பெயிண்ட்டில் திறந்து ஜேபிஇஜி ஆகச் ‘சேவ் ஆஸ்’ செய்வதே சரியான மாற்றம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு எச்இஐசி என்ற வகைதான் தொல்லை. செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ‘ஃபார்மட்ஸ்’, அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று வைத்துவிட்டால் அதன் பிறகு எடுக்கும் படங்கள் ஜேபிஜியாக வரும்.

ஆதார் தளத்தில் இறக்கிய பிடிஎஃப் கடவுச்சொல் போட்டு வரும். பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு நான்கு இலக்கம், மொத்தம் எட்டு. இந்த ஃபைலை அப்படியே விண்ணப்பத்தில் ஏற்றினால் எதிர்முனையில் திறக்க முடியாது. கணினியில் குரோமில் திறந்து, கடவுச்சொல் கொடுத்து, கன்ட்ரோலும் பியும் சேர்த்து அழுத்தி, பிரிண்டர் இருக்கும் இடத்தில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ தேர்ந்தெடுத்துப் புதுப் பெயரில் சேமியுங்கள். புது ஃபைலுக்குப் பூட்டு இருக்காது. டிஜிட்டல் கையொப்பமும் அதில் இருக்காது என்பதால், அசல் ஃபைலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாலைப் பார்க்கும் பழக்கம் இன்னொரு பெரிய ஆபத்திலிருந்தும் காப்பாற்றும். வாட்ஸ்அப்பில் ‘ஆர்டிஓ சலான்’, ‘பிஎம் கிசான்’, ‘கல்யாணப் பத்திரிகை’ என்ற பெயரில் வரும் ஃபைலின் வாலில் ஏபிகே என்று இருந்தால் அது ஆவணமே இல்லை. போனில் தன்னை நிறுவிக்கொள்ளும் ஒரு செயலி. அனுமதி கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸைப் படித்து, ஓடிபியை எடுத்து, கணக்கைக் காலி செய்யும். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும் நம்பக்கூடாது, அவர் போன் ஏற்கெனவே சிக்கியிருக்கும். எந்தச் சலானும் எந்தப் பத்திரிகையும் ஏபிகே ஆக வராது. தெரியாமல் அழுத்திவிட்டால் முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள், வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம்.

தமிழில் அடித்தது ஏன் கிறுக்கலாகத் தெரிகிறது

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுக்கும் மனுவை டிடிபி கடையில் அடித்து, ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கி வந்து போனில் திறந்தால், தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடக்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால் ஃபைலுக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினி மட்டும் அவற்றைத் தமிழ் வடிவத்தில் வரைந்து காட்டும். உங்கள் போனில் அந்த எழுத்துரு இல்லை. யூனிகோடில் அடித்தால் தமிழ் எழுத்துக்கென்றே உள்ள எண்கள் சேமிக்கப்படும், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். கடைக்காரரிடம் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால் பிடிஎஃப் ஆகக் கேளுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கி வரும். பார்க்கவும் பிரிண்ட் போடவும் அது போதும். ஆனால் அதிலிருந்து காப்பி எடுத்து ஆன்லைன் பெட்டியில் ஒட்டினால் மறுபடி கிறுக்கல்தான் வரும்.

குறைகளை ஆன்லைனில் எழுதும்போது ‘எழுத்து வரம்பு மீறியது’ என்று வருவதும் இதோடு சேர்ந்தது. கிருஷ்ணகிரி என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பதினொன்று. கொம்பு, சுழி, புள்ளி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணும். 500 எழுத்து வரம்பு என்றால் தமிழில் ஏறக்குறைய 300 எழுத்துதான் எழுத முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸிலும் அப்படியே. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70.

இடம்: ஃபைல் எங்கே போனது

‘டவுன்லோடு பண்ணினேன், காணோம்’ என்பதற்கு விடை பெரும்பாலும் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டர்தான். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் குரோமில் இறக்கினால் அங்கேதான் போகும், கேலரியில் தேடினால் கிடைக்காது. ‘ஃபைல்ஸ்’ செயலியைத் திறந்து டவுன்லோட்ஸ் போங்கள். அதே ஃபைலை நான்கு முறை இறக்கியிருந்தால் பெயருக்குப் பின் அடைப்புக்குறியில் 1, 2, 3 என்று எண் சேர்ந்து நான்கும் இருக்கும். இறக்கிய கையோடு ‘அப்பா பட்டா 2025’ என்பதுபோலப் பெயர் மாற்றி வைப்பது நல்லது. விண்ணப்பத்தில் ஏற்றும் ஃபைலின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழ்ப் பெயரையும் புள்ளி, காற்புள்ளியையும் சில தளங்கள் ஏற்பதில்லை.

போனில் இருப்பதும் கூகுள் கணக்கில் இருப்பதும் வேறு வேறு. கூகுள் போட்டோஸில் ‘பேக்கப்’ ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலிருந்தும் கணக்கிலிருந்தும் சேர்ந்தே போகும். போனில் இடம் வேண்டும் என்றால் அழிக்கக்கூடாது, ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுக்க வேண்டும். அது போனில் உள்ள பிரதியை மட்டும் நீக்கும். தவறி அழித்துவிட்டால் ‘டிராஷ்’ பாருங்கள். பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும், ஆகாத படம் 30 நாள். இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது, ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதிலேயே கணக்காகிறது. நிரம்பிவிட்டால் மெயில் வருவதே நின்றுவிடும். தேர்வு நுழைவுச்சீட்டு மெயிலில் வர வேண்டிய நேரத்தில் இது நடந்தால் சிரமம், அதனால் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியான தளம்தானா

ஃபைல் தயார். அதை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். தள முகவரியைத் தபால் முகவரி மாதிரி படியுங்கள்: வலது கோடியில் இருப்பதுதான் மாவட்டம், இடது பக்கம் போகப் போக ஊர், தெரு. பட்டா, சிட்டா பார்க்கும் தளம் ‘இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்’. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முடியும் வால் ‘ஜிஓவி டாட் இன்’. மாவட்டத் தளங்கள் ‘கிருஷ்ணகிரி டாட் என்ஐசி டாட் இன்’, ‘தர்மபுரி டாட் என்ஐசி டாட் இன்’. இந்த இரண்டு வால்களும் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். ‘டிஎன்-பட்டா-ஜிஓவி டாட் காம்’ போல நடுவில் கோடு போட்டு அரசுப் பெயர் வந்தால் அது அரசுத் தளம் இல்லை. கூகுளில் தேடும்போது மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று வருவது விளம்பரம். அதைத் தாண்டிக் கீழே போங்கள்.

பூட்டுக் குறி இருந்தால் நல்ல தளம் என்ற நம்பிக்கை தவறு. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் அதற்குப் பொருள். மோசடித் தளமும் பூட்டு வாங்கிக்கொள்ளலாம். பலரும் இப்படித் தவறாகப் புரிந்துகொண்டதால் 2023-ல் குரோம் பூட்டுக் குறியையே எடுத்துவிட்டது.

சிக்னல் இருந்தும் ஏறவில்லை

அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் இது அன்றாடப் பிரச்சினை. வீடியோ ஓடுகிறது, ஆனால் ஃபைல் ஏறுவதில்லை. டவர் பெரிய சக்தியில் ஒளிபரப்புகிறது, அதனால் உங்களுக்கு வருவது வந்துவிடும். போன் திருப்பி அனுப்பும் சக்தி 200 மில்லிவாட் அளவுதான். மலை மறைத்தால் முதலில் தடுமாறுவது அப்லோடு. அதுபோக, வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்வது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அப்லோடு வேகம் 1 எம்பிபிஎஸ் என்றால் 4 எம்பி படம் ஏற 32 விநாடி ஆகும். வேகம் 0.2 எம்பிபிஎஸ் என்றால் 160 விநாடி. அதற்குள் தளம் உங்களை வெளியேற்றிவிடலாம். அதே 0.2-ல் 400 கேபி ஃபைல் 16 விநாடியில் ஏறிவிடும். சிக்னல் குறைந்த இடத்தில் ஃபைலைச் சின்னதாக்குவதுதான் கைகொடுக்கும் வழி.

ஏரோபிளேன் மோடைப் பத்து விநாடி போட்டு எடுத்தால் போன் புதிதாக டவரைத் தேடும். மொட்டை மாடிக்கோ, டவர் தெரியும் பக்கத்து ஜன்னலுக்கோ போனால் அப்லோடில் வித்தியாசம் உடனே தெரியும். ஜூஜூவாடி, தளி மாதிரி எல்லையோர ஊர்களில் போன் கர்நாடகப் பக்கத்து டவரைப் பிடிப்பதுண்டு. கன்னடத்தில் அறிவிப்பு கேட்டால் அதுதான். சில போன்களில் அப்போது ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருந்தால் பேச முடியும், நெட் வராது. சிம் செட்டிங்ஸில் அதை ஆன் செய்துவிடுங்கள்.

கட்டணம் கட்டும் நேரத்தில் நெட் அறுந்து, பணம் போய், விண்ணப்பம் முடியவில்லை என்றால் உடனே மறுபடி கட்டாதீர்கள். தளத்திற்குள் திரும்ப நுழைந்து ‘பேமென்ட் ஸ்டேட்டஸ்’ பாருங்கள். பல நேரம் அரை மணியில் ‘சக்சஸ்’ ஆகியிருக்கும். ஆகாவிட்டால், யுபிஐ மூலம் கட்டிய பணம் 5 நாளுக்குள் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-ல் கொண்டுவந்த விதி. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள், வங்கியில் கேட்க அது வேண்டும்.

பிரவுசிங் சென்டரில்தான் செய்ய வேண்டும் என்றால்

தாராளமாகப் போங்கள். ஆனால் வெளியே வரும் முன் நான்கு வேலை. தளத்திலிருந்து ‘லாக் அவுட்’ செய்யுங்கள், ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. குரோம் ‘பாஸ்வேர்டு சேவ் செய்யவா’ என்று கேட்டால் ‘நெவர்’ கொடுங்கள். டவுன்லோட்ஸிலும் டெஸ்க்டாப்பிலும் உங்கள் ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டெலிட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் டெலிட் என்றால் ‘ரீசைக்கிள் பின்’னில் உட்கார்ந்திருக்கும், அடுத்து வருபவர் எடுத்துவிடலாம். ஃபைலைக் கொடுப்பதற்காக வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், வீட்டுக்கு வந்ததும் போனில் வாட்ஸ்அப்பின் மூன்று புள்ளியை அழுத்தி ‘லிங்க்டு டிவைசஸ்’ பாருங்கள். அங்கே அந்தக் கணினியின் பெயர் இன்னும் இருந்தால் அதைத் தொட்டு ‘லாக் அவுட்’ கொடுங்கள். விட்டுவிட்டால் உங்கள் உரையாடல் முழுவதும் அந்தத் திரையில் திறந்தபடியே கிடக்கும்.